நான்காவது தட்டில் என்ன இருக்கிறது?

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் நடத்துகிறோம். நான் பேஸ் கிட்டார். ஆண்டு விழாவுக்கு குவீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பாட்டை எடுத்திருக்கிறோம். யூடியூப் பார்த்து ஒரே நாளில் வாசித்துவிட்டேன். ஸ்வரம் எதுவும் தப்பவில்லை. ஆனால் ரெகார்டைக் கேட்டால் தலை தானாக ஆடுகிறது, நான் வாசித்தால் யாருக்கும் ஆடமாட்டேன் என்கிறது. எங்கே கோளாறு? இன்னொரு சந்தேகமும் உண்டு. எங்கள் கிட்டாரிஸ்ட், "இது ராக்கே இல்லை, டிஸ்கோ. அதுவும் சீக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டிலிருந்து சுட்டது. இதை எதற்கு வாசிக்கணும்?" என்கிறான். அவன் சொல்வது சரியா?

— பேஸ் மாணவர், திருச்சி

பதில்: தம்பி, "ஸ்வரம் எதுவும் தப்பவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அந்தப் பாட்டின் பேஸில் இருக்கும் ஸ்வரங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம், தப்புவதற்கு அங்கே அதிக இடமில்லை. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே உள்ள இடத்தில்தான் உங்களுக்குத் தப்புகிறது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணியபடி ரெகார்டைக் கேளுங்கள். முதல் தட்டான சமத்துக்குச் சற்று முன்னாலேயே இரண்டு ஸ்வரங்கள், ஏ, ஜி, அவசரமாக இறங்கி வரும். பிறகு அடி ஈ. முதல் தட்டில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று. நான்காவது தட்டு வரும்போது பேஸ் இருக்காது. டிரம்ஸின் ஸ்நேர் 'டப்' என்று விழும். அதன் பிறகுதான் அடுத்த சுற்றில் பேஸ் திரும்ப வந்து ஜி, ஏ என்று மேலே தலை காட்டிவிட்டுப் போகும்.

இப்போது நீங்கள் வாசித்ததை போனில் பதிவு செய்து, மற்ற எதையும் கவனிக்காமல் அந்த நான்காவது தட்டை மட்டும் கேளுங்கள். மூன்றாவது ஈ இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். அது திறந்த தந்தி. மீட்டிவிட்டுச் சும்மா இருந்தால் பல வினாடிகள் ஒலிக்கும். இந்தப் பாட்டின் வேகமோ நிமிடத்துக்குச் சுமார் 110 தட்டு, அதாவது ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை வினாடிக்குச் சற்றே அதிகம். நீங்கள் நிறுத்தாத ஈ, ஸ்நேர் விழ வேண்டிய காலி இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கேட்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது. ஆனால் உடம்பு ஆடாமல் நின்றுவிடும்.

தந்தியை நிறுத்த இடது கை விரல்களை மெதுவாக அதன்மேல் படுக்க வையுங்கள். அழுத்தக் கூடாது. ஒற்றை விரலாகவும் வைக்காதீர்கள். ஐந்தாவது அல்லது ஏழாவது ஃப்ரெட்டுக்கு நேரே ஒரு விரல் மட்டும் பட்டால் தந்தி அடங்காது, மணி அடித்த மாதிரி ஒரு கீச்சு ஒலி கிளம்பும். இரண்டு மூன்று விரல்கள் சேர்ந்து படுத்தால்தான் தந்தி வாயடங்கும். மூன்றாவது ஈயோடு மட்டும் இதை நிறுத்திவிடாதீர்கள், முதல் இரண்டு ஈக்களும் குட்டையாகவே இருக்க வேண்டும். அடுத்த தட்டு வருவதற்குள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சிறு இடைவெளி தெரிய வேண்டும். ஒரு வாரத்துக்கு மெட்ரோனோமை வைத்து வேறெதுவும் வாசிக்காமல் இந்த மூன்று ஈயை மட்டும் வாசித்து நிறுத்துங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். நான்காம் நாள் ஏதோ ஒரு சுற்றில் அந்தக் காலி இடம் சட்டென்று காதில் விழும். ஒருமுறை விழுந்துவிட்டால் பிறகு மறக்காது.

மிருதங்கம் கற்றவர்களிடம் கார்வையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சொல் இல்லாத அந்த இடத்தையும் எண்ணித்தான் வாசிக்கிறோம் என்பார்கள். அரை மாத்திரை குறைந்தால் அடுத்த தீர்மானமே இடறிவிடும். நான்காவது தட்டை அந்தக் கவனத்தோடு வாசியுங்கள்.

எனக்கு இது வெகு தாமதமாகத்தான் பிடிபட்டது. மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்த முதல் இரண்டு மூன்று வருடம், கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று எந்த மேடையானாலும் எனக்குக் காலி இடத்தைக் கண்டால் கை பரபரக்கும். கூடுதலாக நாலு ஸ்வரம் போட்டு நிரப்பினால்தான் வாசித்த திருப்தி. ஒரு ராத்திரி நிகழ்ச்சி முடிந்து வேனில் திரும்பும்போது எங்கள் டிரம்மர் அண்ணன் கோபமே இல்லாமல் சொன்னார்: "நீ விடாமப் பேசிக்கிட்டே இருக்கே. நான் எப்படா பேசுறது?" ஊர் வந்து சேரும்வரை நான் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்வியை இன்றைக்கும் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் நினைத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் பேஸ் பிடிப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் வருவதற்குக் காரணமும் உண்டு. இளையராஜா பாடல்களைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. அவர் பாட்டில் பேஸ் அடியில் தனி மெட்டாகவே நடக்கும். பாடகர் ஒரு வழியில் போக, பேஸ் வேறொரு வழியில் போய்ச் சரணத்தில் வந்து சேரும். அது ஓர் அழகு, அதில் சந்தேகமில்லை. ஃபங்க் பேஸின் அழகு வேறு வகை. அங்கே பேஸ் மெட்டுக்கு உறவு என்பதைவிட டிரம்ஸுக்கு உடன்பிறப்பு. இரண்டும் சேர்ந்து ஒரே வாத்தியம் போல இயங்க வேண்டும்.

ஃபங்க் என்றால் என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் கிட்டாரிஸ்டுக்கும் உதவும். ராக் பாட்டில் பலமான அடி இரண்டிலும் நான்கிலும் விழும். ஜேம்ஸ் பிரவுன் 1960-களின் நடுவில், 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்', 'கோல்ட் ஸ்வெட்' போன்ற பாட்டுகளில் பளுவைத் தூக்கி முதல் தட்டில் வைத்தார். சமத்தில் எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும், அதன் பிறகு அவரவர் சிறு சிறு துண்டுகளாக வாசித்துக்கொள்ளலாம். கிட்டார், டிரம்பெட், பேஸ், குரல் எல்லாமே தாள வாத்தியமாக மாறிவிட்டன. கருப்பின அமெரிக்கர்கள் இசைக்குத் தந்த பெரிய கொடைகளில் இது ஒன்று. 1970-களில் இதன் ஒரு கிளை நடன அரங்குகளுக்குள் போய், நான்கு தட்டிலும் கிக் டிரம் சமமாக விழும் டிஸ்கோவாக வளர்ந்தது. அந்த வழியில் வந்த குழுக்களில் ஆகச் சிறந்தது, என் கணக்கில், நியூயார்க்கின் சீக். கிட்டாரில் நைல் ராஜர்ஸ், பேஸில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், டிரம்ஸில் டோனி தாம்சன். 1979-இல் வந்த அவர்களது 'குட் டைம்ஸ்' அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது.

அந்தப் பாட்டின் பேஸ் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? முதல் மூன்று தட்டில் மூன்று ஈ. ஆக, உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை.

மீதிப் பாதிக்கு ஜான் டீக்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவீன் என்றதும் எல்லோர் கண்ணிலும் ஃப்ரெடி மெர்குரிதான் நிற்பார், நிற்க வேண்டியவர்தான். டீக்கன் ஓரமாக நின்று வாசித்தவர். 1951-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்தார். லண்டன் செல்சி கல்லூரியில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தபோது 1971-இல் குழுவில் கடைசி ஆளாகச் சேர்ந்தார். ஒரு ஆல்பத்துக்கு ஒன்றோ இரண்டோ பாட்டுத்தான் எழுதுவார். மற்ற மூவரும் கனமான ராக்கில் ஊறியிருக்க, இவர் மனம் சிறுவயதிலிருந்தே அமெரிக்க சோல் இசையில் தோய்ந்திருந்தது. நியூயார்க்கில் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் சீக் குழு வேலை செய்யும் இடத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கே எட்வர்ட்ஸின் வாசிப்பை அருகிலிருந்து கேட்டிருக்கிறார்.

அதன் பிறகு மியூனிக் நகரில் மியூசிக்லேண்ட் ஸ்டூடியோ. ரைன்ஹோல்ட் மாக் என்ற தயாரிப்பாளருடன் 'த கேம்' ஆல்பம் உருவாகிக்கொண்டிருந்தது. டீக்கன் தன் பேஸ் மெட்டைக் கொண்டுவந்து வைத்தார். டிரம்மர் ரோஜர் டெய்லருக்கு அது பிடிக்கவில்லை. முழங்கும் பெரிய டிரம்ஸ்தான் அவருடைய பாணி. டீக்கன் கேட்டதோ செத்த ஒலி, அதிராத ஒலி. டெய்லர் டிரம்ஸுக்குள் போர்வைகளைத் திணித்து வாசித்தார். அதில் ஒரு சிறு பகுதியை வெட்டி, டேப்பின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிச் சுற்ற விட்டார்கள். பாட்டு முழுக்க டிரம்ஸ் இம்மி பிசகாமல் அப்படியே போவது அதனால்தான். ரிதம் கிட்டாரையும் டீக்கனே வாசித்தார். பிரையன் மேயின் புகழ்பெற்ற கிட்டார் இந்தப் பாட்டில் தனி ஆவர்த்தனம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒலியைத் திரிக்கும் கருவி வழியாக அங்கங்கே உறுமிவிட்டுப் போகிறது. நடுவில் வரும் விசித்திரமான சத்தங்களை சிந்தசைசர் என்று பலரும் நினைக்கிறார்கள். பியானோவையும் சிம்பலையும் பதிவு செய்து டேப்பைத் திருப்பி ஓட்டியதால் வந்தவை அவை.

இதை எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இது எந்தக் குழு என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து வருடம் முன்னால், 1975-இல், 'பொஹீமியன் ராப்சடி'யில் குரல்மேல் குரலாக அடுக்கி, டேப்பே தேய்ந்துபோகும் அளவுக்கு நிரப்பியவர்கள். கிட்டாரைக் கோரஸ் போல அடுக்குவது அவர்கள் முத்திரை. எல்லாச் சந்திலும் ஒரு ஒலி இருக்கும். அப்படிப்பட்ட குழு, உள்ளதிலேயே அமைதியான ஆள் கேட்டுக்கொண்டதற்காக எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு இடத்தைக் காலியாக விட்டது. எனக்கு இந்தப் பாட்டில் ஆகப் பெரிய விஷயம் இதுதான். ஃபங்க் தாளத்தை எந்த ராக் குழுவும் கடன் வாங்கலாம், அந்தக் காலத்தில் பலர் வாங்கவும் செய்தார்கள். 1978-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'மிஸ் யூ' வந்தது, அடுத்த ஆண்டு பிங்க் ஃபிளாய்டே ஒரு பாட்டை டிஸ்கோ நடையில் போட்டது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் துணிந்தவர்கள் குறைவு.

மெர்குரியும் இந்தப் பாட்டின் பக்கம் உறுதியாக நின்றார். அடுக்குக் குரலின் துணை இல்லாமல், பெரும்பாலும் ஒற்றைக் குரலையே நம்பிப் பாட வேண்டிய பாட்டு. தொண்டையில் ரத்தம் கசியும்வரை திரும்பத் திரும்பப் பாடினார் என்று பிரையன் மே நினைவுகூர்ந்திருக்கிறார். தலைப்பின் பொருளை நம் மொழியில் சொல்ல மெனக்கெடவே வேண்டாம், 'இன்னொருத்தன் மண்ணைக் கவ்வினான்' என்று அப்படியே இருக்கிறது. மெர்குரி அந்த வரியைப் பாடுவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சொல்லையும் பல்லால் கடித்துத் துப்புகிற மாதிரிதான் பாடுகிறார், குரலும் கார்வையோடுதான் நிற்கிறது.

ஆல்பம் 1980 ஜூன் 30-இல் வெளியானது. இதைச் சிங்கிளாகப் போடும் எண்ணம் குழுவுக்கு இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் வந்த மைக்கேல் ஜாக்சன், இதைத் தனியாக வெளியிடுங்கள் என்று வற்புறுத்தினார். இது ஓடவே ஓடாது என்றவர்களில் டெய்லரும் ஒருவர், பின்னாளில் அவரே அதை ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் சிங்கிள் வந்தது. அக்டோபரில் அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடம். அதைவிட முக்கியம், சோல் பாடல்களுக்கான பட்டியலில் இரண்டாமிடம் வரை போனது. கருப்பின மக்களின் வானொலி நிலையங்கள் தாமாகவே இதை எடுத்துப் போட்டன. பாடுவது ஒரு கருப்பினக் குழு என்றே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சொந்த ஊரான பிரிட்டனில் ஏழாமிடத்தோடு நின்றுவிட்டது.

இனி, ராக்கா டிஸ்கோவா என்ற கேள்வி. கிக் டிரம் நான்கு தட்டிலும் விழுகிறது, அது டிஸ்கோ நடை. பேஸ் ஃபங்க். குரல் அசல் ராக். மூன்றும் இருக்கிறது என்பதே நேரான பதில். ஆனால் "டிஸ்கோ" என்ற சொல்லை வசவாக உங்கள் நண்பர் பயன்படுத்துகிறாரே, அது எனக்கு வலிக்கிறது. அந்த வசவுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1979 ஜூலை 12-ஆம் தேதி சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, ஒரு ராக் வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாட்டில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. கருப்பினத்தவரும் லத்தீன் மக்களும் தன்பால் விருப்பமுள்ளவர்களும் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட இசை அது. அதை எரித்தபோது எரிந்தது பிளாஸ்டிக் மட்டும்தான் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அது நடந்து பதினைந்து மாதத்தில், பெரிய ராக் குழு ஒன்று அதே நடையில் ஒரு பாட்டைப் போட்டு முதலிடத்துக்கு வந்தது. அதனாலும் இந்தப் பாட்டின்மேல் எனக்கு மரியாதை.

சுட்டதா என்பதற்கு வருகிறேன். கடன் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. டீக்கன் தங்களோடு வந்து இருந்துவிட்டுப் போனதன் விளைவுதான் அந்தப் பாட்டு என்று எட்வர்ட்ஸே ஒரு பேட்டியில் சொன்னார். அதில் தனக்கு வருத்தமில்லை என்றும் சொன்னார். அவரைப் புண்படுத்தியது வேறு. 'குட் டைம்ஸ்' ஒரு வருடம் முன்னாலேயே வந்திருந்தும், சீக் குழுதான் குவீனைக் காப்பியடித்தது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். கருப்பினக் கலைஞர்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க முடியும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை என்று மனம் நொந்து பேசியிருக்கிறார். தம்பி, இந்தப் பாட்டை வாசிக்கிற ஒவ்வொரு பேஸ்காரரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இரண்டும் ஒரே பாட்டு என்றும் சொல்ல முடியாது. எட்வர்ட்ஸின் மூன்று ஈக்குப் பிறகு பேஸ் ஓடத் தொடங்குகிறது. ஏறி, வளைந்து, இரண்டு கார்டுகளுக்கு நடுவே ஊஞ்சல் ஆடிவிட்டு வந்து சேர்கிறது. மேலே ராஜர்ஸின் கிட்டார், வயலின்கள், பெண் குரல்கள். வீட்டில் விசேஷம் நடப்பது போல இருக்கும். டீக்கன் அந்த ஓட்டத்தை வெட்டிவிட்டார். ஈயைவிட்டு அதிக தூரம் போகாமல் அங்கேயே சுற்றுகிறார். விசேஷ வீட்டு வாசலை எடுத்துக்கொண்டு, பின்னால் ஆளில்லாத தெருவைக் கட்டினார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்த வெற்றிக்குப் பிறகு குழு அதே வழியில் இன்னும் தூரம் போனது. 1982-இல் வந்த 'ஹாட் ஸ்பேஸ்' ஆல்பத்தின் பாதி இந்த நடைதான். டிரம் மெஷினும் சிந்தசைசர் பேஸும் நிறைய. ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ராக்கை விட்டுவிட்டார்கள் என்பது அவர்கள் குறை. என் குறை வேறு: டீக்கனின் விரலுக்குப் பதில் கருவி வந்த பாட்டுகளில் அந்த நான்காவது தட்டு வெறும் காலியாக இருக்கிறது. யாரும் அங்கே கையை அடக்கிக்கொண்டு காத்திருக்கவில்லை என்பது காதுக்குத் தெரிகிறது. அதே ஆல்பத்தில் இருக்கும் 'பேக் சாட்' டீக்கன் எழுதியது, அதைத் தனியாகக் கேளுங்கள்.

ஆண்டு விழாவுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். 1981-இல் நியூயார்க்கின் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், இசைத்தட்டுகளை மட்டுமே கையால் சுழற்றி ஏழு நிமிடத்துக்கு ஒரு பதிவு செய்தார். அதில் 'குட் டைம்ஸ்' வருகிறது, 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'டும் வருகிறது. எது யாருடையது என்ற வழக்கை அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே விசாரித்துவிட்டார். நீங்களும் அப்படிச் செய்யலாம். இரண்டு பாட்டும் ஏறக்குறைய ஒரே வேகம், இரண்டுக்கும் அடி ஈதான். முதலில் பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பெயரைச் சொல்லி 'குட் டைம்ஸ்' பேஸை ஒரு நிமிடம் வாசியுங்கள். உங்கள் கிட்டாரிஸ்ட் அதில் ராஜர்ஸின் கிட்டாரை வாசிக்கட்டும். டிஸ்கோ என்றால் வலது மணிக்கட்டுக்கு எவ்வளவு வேலை என்பது பத்து நிமிடப் பயிற்சியில் தெரிந்துவிடும். பிறகு நிறுத்தாமல் கிட்டாரும் கீபோர்டும் ஒதுங்க, டிரம்ஸும் நீங்களும் மட்டும் மிஞ்ச, டீக்கனின் மெட்டுக்குள் போங்கள். டிரம்மரிடம் சொல்லி கிக் டிரம்முக்குள் ஒரு பழைய போர்வையை மடித்து வைத்துவிடுங்கள். ஏ, ஜி, ஈ, ஈ, ஈ. விரலைப் படுக்க வையுங்கள். ஸ்நேர் விழட்டும்.